மெட்டுகளை அடுக்கியது நான்தான்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு பாதி வரை, அதுவும் கன்னடத்தில். தமிழ் எழுத்து அம்மா சமையலறைச் சுவரில் கரியால் எழுதிக் காட்டியது. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை.

அப்போது மைசூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அக்கா ஆறு வருடமாக வீணை கற்றுக்கொண்டிருந்தாள். நான் அதைத் தொடக்கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு வீணைக்காரி போதும் என்பார் அப்பா.

அந்த வருடம் தசரா ஊர்வலம் பார்க்கச் சாமராஜநகரிலிருந்து ஒரு மளிகைக் கடைக் குடும்பம் வருவதாக இருந்தது. யானையைப் பார்க்க வருகிறவர்கள் அப்படியே அக்காவையும் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு முதல் மனைவி செத்துப்போய் இரண்டு குழந்தைகள் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. விளையாட இரண்டு பிள்ளைகள் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வீணை என்றால் உயிராம். பெண் நன்றாக வாசித்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சரஸ்வதி பூஜை அன்று காலை நான் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வீணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தந்திகளை அவளே தளர்த்தியிருந்தாள்.

"புட்டி, இதையும் நீயே சுத்தம் பண்ணு." புட்டி என்றால் கன்னடத்தில் சின்னப் பெண். வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

"நான் தொட்டா அப்பா அடிப்பாரே?"

"நான்தானே சொல்றேன். மெட்டெல்லாம் பித்தளைதானே, விளக்கு மாதிரிதான். துணியை வெந்நீர்ல நனைச்சு நல்லா அழுத்தித் தேய். அப்புறம் மாடியில வெயில்ல காய வை. அஷ்டே, அவ்வளவுதான்."

வீணையின் தண்டில், தந்தியை அழுத்தி வாசிக்கிற குறுக்குக் கம்பிகளான மெட்டுகள் இருபத்துநான்கும் கறுப்பு மெழுகில் பதிந்திருக்கும். இடுக்கெல்லாம் எண்ணெயும் தூசியும் அப்பிக்கிடந்தது. வீணையைத் தொட விட்டார்களே என்ற சந்தோஷத்தில் எனக்குக் கை நிற்கவில்லை. உச்சிவேளையில் மாடிக்குப் போய்ப் பார்த்தால், மெழுகு களி மாதிரி இளகி, மெட்டுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. பயந்துபோய் எல்லாவற்றையும் நிமிர்த்தினேன். அதோடு விட்டேனா? ஒரு பக்கம் விலகியும் குடத்துப் பக்கம் நெருக்கிக்கொண்டும் இருந்தது எனக்கு அழகாகப் படவில்லை. பள்ளியில் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒரே இடைவெளியில் வரிசையாக நிறுத்தினேன். ஸ்வரமெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நிழலில் வைத்ததும் மெழுகு இறுகிவிட்டது. அக்கா வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். "சென்னாகிதே புட்டி" என்றாள். நன்றாக இருக்கிறதாம். தந்திகளை அவளே முறுக்கி, பட்டுத்துணி போர்த்தி, சாயங்காலம் புத்தகங்களோடு பூஜையில் வைத்தாள். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது. அதனால் யாரும் வாசித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் ஊர்வலத்துக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். அக்கா வாசித்தாள். பூனை வாலை மிதித்த மாதிரி சத்தம். அவள் நிறுத்தவில்லை, முழுப் பாட்டையும் வாசித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க, பொண்ணு வீணை வாசிக்குதா, வீணைகூடச் சண்டை போடுதா?"

"ஆறு வருஷமா கத்துக்கறாம்மா, இன்னிக்கு என்னமோ..." என்று அப்பா குழைந்தார்.

"ஆறு வருசத்துக்கே இப்படீன்னா, இன்னும் ஆறு வருசம் போனா உங்க தெருவே காலி ஆயிருமுங்க." யானை பார்க்கப் போய்விட்டார்கள்.

அப்பா வீணையைக் குனிந்து பார்த்தார். "யார் தொட்டது?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "நான்தான்" என்றேன். அக்காதான் சொன்னாள் என்று சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசிறிக் காம்பு முறிகிற வரை அடித்தார். அன்றைக்கு எல்லோரும் பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்து இரண்டு வரியாவது படிக்க வேண்டும். என் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்குக் கை நீட்டினேன்.

"அதைத் தொடாதே. இனிமே உனக்கு அடுப்படிதான்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். என் பள்ளிக்கூடம் அன்றோடு முடிந்தது.

அக்கா என் முதுகில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். மாப்பிள்ளை போய்விட்டாரே என்று அழுகிறாள் என நினைத்து, "அழாதே அக்கா, வேற மாப்பிள்ளை வருவார்" என்று நான் அவளைத் தேற்றினேன்! நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, எங்கள் தெருவில் குடிவந்த வீணை டீச்சர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "வெந்நீரும் வெயிலும் மெழுகுக்கு ஆகாதுன்னு முதல் நாளே பிள்ளைங்ககிட்ட சொல்லிடுவேன்." முதல் நாளே! அக்கா கற்றது ஆறு வருடம்.

அந்தக் கல்யாணத்திலிருந்து அவள் தப்பித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. என் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை மெட்டையும் நானே பிடுங்கி எறிந்திருப்பேன்.

அக்கா நஞ்சன்கூட்டில் மகள் வீட்டில் இருக்கிறாள். யாராவது இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். மெட்டு எத்தனை, என்ன பாட்டு வாசித்தாள் என்பதையெல்லாம் அவள் திருத்தட்டும். அப்பா கேட்டபோது ஏன் தரையைப் பார்த்தாள் என்பதற்கு என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். நான் போய்க் கேட்க மாட்டேன்.