நாலு விரல் ஆட்டம்

ஆடி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை என் வேனில் பதினெட்டுப் பெண்களைப் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதில் என் மனைவியும் ஒருத்தி. அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, உடம்பைச் சுற்றி வேப்பிலை கட்டி அம்மனை வலம் வருகிறேன், வேப்பஞ்சேலை கட்டுகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி வேண்டிக்கொண்டாள். அவளை அந்தச் சன்னதியில் கொண்டுபோய் நிறுத்துவது என் பொறுப்பு என்று நினைத்திருந்தேன்.

மற்றவர்கள் எல்லாம் காசிமேட்டில் மீன் எடுத்து மணலி புதுநகரில் விற்கிறவர்கள். தினமும் காலையில் கூடையோடு என் வேனில்தான் ஏறுவார்கள். என் மனைவியும் அவர்களோடு விற்கப் போகிறவள்தான். டிரைவர் பக்கத்து சீட்டு அவளுக்கு. பழைய வண்டி, பின் சீட்டுகளில் பாதியைக் கழற்றி, கூடைகளுக்கு இடம் செய்திருந்தேன்.

எங்கள் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடி, தார் குழைந்து, இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். சக்கரத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் ஸ்டீரிங்கைப் பிடிக்கவே வேண்டாம். தண்டவாளத்தில் போகிற மாதிரி வண்டி தானாகப் போகும். கை நோகாமல் ஓட்டுகிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை, பள்ளத்தின் பேச்சைத்தான் கேட்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டீரிங்கைத் துடைத்து, உச்சியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவேன். ஆடி பிறந்த முதல் வெள்ளியன்று, திருவொற்றியூரைத் தாண்டும்போது என் மனைவி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாய்யா, வண்டி நேராதான போவுது? பொட்டு மட்டும் இந்தாண்டயும் அந்தாண்டயும் ஆடிகினு கீது?"

நான் பார்த்தேன். உண்மைதான். என் கை வலமும் இடமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. வண்டி நேர்கோட்டை விட்டு விலகவில்லை.

"அம்மா தலையாட்டுறாடி. வரேன்னு உத்தரவு குடுக்கறா," என்றேன்.

சொன்னபோது மனதார நம்பித்தான் சொன்னேன். பின்னால் இருந்தவர்கள் காதில் அது விழுந்துவிட்டது. ஒருத்தி குலவை போட்டாள். அதற்குப் பிறகு தினமும் அதே வேலை. "தாயே, இன்னிக்கி வஞ்சிரம் நல்லா போவுமா?" என்று கேட்டுவிட்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். பொட்டு ஆடும். "சரின்ட்டா!" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, மணலிப் பக்கம் திரும்பிக் கால்வாய்ப் பாலத்தை நெருங்கும்போது, ஒரு டேங்கர் லாரி எங்களைத் தாண்டிப் போனது. அதன் காற்று வண்டியை இடது பக்கம் தள்ளியது. அந்த இடத்தில் சாலையில் பள்ளம் கிடையாது. வலது பக்கம் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்பினேன். கையில் ஸ்டீரிங் இருக்கிறது, கீழே சக்கரம் இருக்கிறது, நடுவில் யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு ஒரே வெட்டாக வண்டி வலது பக்கம் பாய்ந்தது. நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். பின் டயரின் தடம் சாலை ஓரத்து மண்ணில் இருந்தது. அதற்கு அடுத்தது கால்வாயின் சரிவு. கறுப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"இன்னா நைனா, கண்ண மூடிகினியா?" என்றாள், எங்களில் மூத்த மீன்காரம்மா. கூடையிலிருந்து சிதறிய இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இல்லக்கா" என்றேன்.

என் வண்டிக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் மேஸ்திரி அன்று ஊரில் இல்லை. எனக்கும் கொஞ்சம் வேலை தெரியும் என்ற நினைப்பு. ஸ்டீரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பல்சக்கரப் பெட்டிதான் ஸ்டீரிங் பாக்ஸ். அதன் மூடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நட்டு. நட்டைத் தளர்த்தி, ஆட்டம் நிற்கும்வரை ஸ்க்ரூவை இறுக்கினேன். நேராக ஓட்டிப் பார்த்தால் புது வண்டி மாதிரி இருந்தது. அம்மன் கைகொடுத்தாள் என்று கற்பூரம்கூட ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை மணலி ரோட்டில் வளைவில் திருப்பினேன். திருப்பிய ஸ்டீரிங் திரும்பி வரவில்லை. கடித்துக்கொண்டது. நின்றுகொண்டிருந்த ஒரு டிரெய்லரின் பின்பக்கத்தைப் பார்த்து வண்டி போகிறது. இரண்டு கையாலும் இழுத்து, பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். ஒரு முழம் இடைவெளியில் நின்றது. என் மனைவி கழுத்தில் கட்டி எடுத்த தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இறுக்கிய ஸ்க்ரூவைப் பழையபடி தளர்த்திவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். அன்று மாலை பெண்கள் எல்லோரும் தெருக் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டார்கள். மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் பிறகு போகாமல் இருக்கக் கூடாது. நானும் அங்கேதான் நின்றேன். எதுவும் சொல்லவில்லை. காலையில் நடந்ததை அவர்களும் பேசவில்லை. நல்ல காரியத்துக்கு நடுவில் அதை வாயால் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் ஒரு பயம்.

சனிக்கிழமை காலை தண்டையார்பேட்டையில் மேஸ்திரியின் ஷெட்டுக்கு வண்டியை உருட்டிப் போனேன். என் மனைவியும் கூடவே வந்தாள். மாதா படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் அவர் ஸ்பேனரைத் தொடுவார். வண்டியை ஜாக்கியில் தூக்கவில்லை. சக்கரம் தரையில் பாரத்தோடு இருந்தால்தான் நோய் தெரியும் என்றார். என் மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, அவர் அடியில் படுத்தார்.

"ஸ்டீரிங்க ஆட்டும்மா."

"இப்டியா?"

"மாவாட்டறா மாதிரி வேணாம். தூளி ஆட்டறா மாதிரி, மெதுவா."

அவள் ஆட்டினாள். அவர் ஒவ்வொரு மூட்டாகக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார். "இது நல்லா கீது. இதுவும் நல்லா கீது. இது போன வர்சம் நான் மாத்தனது." பிறகு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார்.

"நைனா, நீயே வந்து பட்து பாரு."

படுத்தேன். என் ஒரு கையைப் பாக்ஸுக்குள் போகிற தண்டின் மேலும், இன்னொரு கையைப் பாக்ஸிலிருந்து வெளியே வருகிற இரும்புக் கையின் மேலும் வைத்தார். மேலே என் மனைவி ஆட்டினாள். உள்ளே போகிற தண்டு சுற்றியது. வெளியே வருவது செத்த மாதிரி சும்மா இருந்தது.

"நாலு வெரல் ஆட்டம் கீது. மேல சுத்தறது கீழ வந்து சேரல. ஸ்க்ரூவ எவன் தொட்டது?"

"நான்தான் மேஸ்திரி. டைட் வெச்சேன், கடிச்சதும் லூஸ் பண்ணேன்."

"நேரா போயி போயி நடுப்பல்லு தேஞ்சி பூட்ச்சி. ஓரத்துப் பல்லு புச்சாவே கீது. நீ தேஞ்ச பல்லுக்குத் தோதா டைட் வெச்சிகீற. திரும்பசொல்ல ஓரத்துப் பல்லு வந்து கடிச்சிக்கும். ஒரு நாளு கடிச்சது வுடாது. அப்பால உங்கம்மாவ கூப்டாலும், எங்கம்மாவ கூப்டாலும் சக்கரம் கேக்காது."

மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பாக்ஸின் மூடியைத் திறந்தார். எண்ணெய் இல்லை. துருவும் உப்புமாகக் குழம்பிய செங்காவித் தண்ணீர். மத்தி மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. "எண்ணெப் பொட்டியில மீனு எப்டி நைனா வந்துச்சி?" என்று கேட்டவர், அடியில் படுத்தபடியே ஒரு விரலை மேலே நீட்டினார். டிரைவர் சீட்டுக்கு முன்னால், தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக அந்த விரல் என் மனைவியின் காலடியில் எட்டிப் பார்த்தது. அவள் பயந்து காலைத் தூக்கிக்கொண்டாள்.

"வண்டிக்கு மூக்கு குத்திகீறியே, யாரு ஆசாரி?"

நான்தான் ஆசாரி. பிரேக் போடும்போதெல்லாம் கூடைகளின் ஐஸ் தண்ணீர் முன்னால் ஓடிவந்து காலடியில் தேங்கும். பெண்கள் கால் ஊறுகிறதே என்று இரண்டு வருடம் முன்பு நானே அந்த ஓட்டையைப் போட்டேன். தண்ணீர் உடனே வடிந்தது. எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். அது எங்கே போய் விழுகிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை. தினமும் காலையில் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அந்தப் பாக்ஸின் தலையில் ஊற்றியிருக்கிறேன். அபிஷேகம் மாதிரி.

"மேஸ்திரி, நாளிக்கி ஒரு நாளு மட்டும். காப்பு கட்டிகினு கீறாங்க. மெதுவா போயி மெதுவா வந்துர்றேன். திங்கக்கெயம மாத்திக்கலாம்."

அவர் மறுபடி ஸ்பேனரை எடுத்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றேன். நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் பாக்ஸைப் பிடுங்கி எடுத்து, குழந்தையை எடுப்பது போல மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இப்போ போ," என்றார்.

ஞாயிறு காலை, பெண்கள் திருவொற்றியூரிலிருந்து வேறொரு வேனைப் பேசி வரவழைத்துவிட்டார்கள். என் வண்டியைவிடப் பழசு. பானை, வேப்பிலை, கோழி எல்லாம் ஏறியாயிற்று. என் மனைவியும் உள்ளே உட்கார்ந்துவிட்டாள். நான் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, முன் சக்கரத்தைப் பார்த்தபடி ஸ்டீரிங்கை ஆட்டினேன். சக்கரம் அசையவில்லை. விரலை வைத்து அளந்தேன்.

"நாலு வெரல் கீது தம்பி."

டிரைவர் சிரித்தான். "ஆறு வெரல்லயே ஓட்டிகீறேன் அண்ணாத்த. கைய எடு."

"இவன் வண்டி பட்துகிச்சின்னு ஊரான் வண்டியல்லாம் பட்துக்கும்ன்றான்!" என்றாள் மூத்த மீன்காரம்மா. பிறகு குரலைத் தணித்து, "வாய வெக்காத நைனா. நல்ல நாளு," என்றாள்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். "எறங்கு" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காப்புக் கட்டியவளை வண்டியிலிருந்து இறக்கினால் அது தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ? அவள் கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். "பஸ்ல போனாலும் அவ அங்கியேதான் இருப்பா," என்றாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் இறங்கினார்கள். பதின்மூன்று பேர் குலவை போட்டுக்கொண்டு போனார்கள்.

செங்குன்றம் போய், அங்கே பஸ் மாறினோம். வழி முழுக்க நான் சாலை ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கே கூட்டம் கூடியிருந்தாலும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பதின்மூன்று பேரையும் ஒவ்வொருத்தியாக உறவுமுறை சொல்லிக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால், அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தாள். நான் பின்னாலேயே நடந்தேன். சாயங்காலம் அவர்கள் அதே வேனில் திரும்பினார்கள், நாங்கள் பஸ்ஸில். எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம்.

"பாத்தியா நைனா? ஒண்ணும் ஆவல," என்று வாசலில் நின்று சொன்னாள் மூத்த மீன்காரம்மா. சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஒன்றும் ஆகாத நாட்கள் என் வண்டியிலும் எத்தனையோ இருந்தன.

திங்கட்கிழமை வேறு பாக்ஸ் வந்தது. மேஸ்திரி அதை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் சரிபாதியில் நிறுத்தினார். சக்கரங்களை நேராக வைத்துவிட்டுத்தான் இரும்புக் கையை மாட்டினார். புது எண்ணெய் ஊற்றினார். நான் போட்ட ஓட்டையைத் தகடு வைத்து வெல்டிங் பண்ணி அடைத்தார். பின்னால் கூடைகளுக்கு அடியிலேயே தண்ணீர் வெளியே போகத் தனியாக ஒரு குழாய் வைத்தார். ஸ்டீரிங்கை ஒரு விரல் அசைத்தாலும் சக்கரம் அசைந்தது.

என்னிடம் திரும்பி வந்தது என் மனைவியும் அந்த நாலு பேரும்தான். மற்ற பெண்கள் இப்போது அந்த இன்னொரு வேனில்தான் மணலிக்குப் போகிறார்கள். டிரைவரிடம் இரண்டு முறை போய்ச் சொன்னேன். மேஸ்திரியையும் கூட்டிப்போய்ச் சொல்லவைத்தேன். பார்க்கலாம் என்கிறான். பெண்களிடம் சொன்னால், எனக்குப் பொறாமை என்கிறார்கள்.

காசிமேட்டில் அவர்கள் வண்டி கிளம்பும்வரை நான் கிளம்புவதில்லை. இடைவெளி விட்டுப் பின்னாலேயே போகிறேன். பள்ளம் உள்ளவரை அந்த வண்டி நூல் பிடித்த மாதிரி போகிறது. மணலிப் பக்கம் திரும்பியதும் பின்பக்கம் மெல்ல மெல்ல அலைய ஆரம்பிக்கிறது. அதன் பின்கண்ணாடி வழியாகப் பின்சீட்டில் மூத்த மீன்காரம்மாவின் தலை தெரிகிறது. என் மனைவி ஒவ்வொருத்தியாக உறவுமுறை சொல்ல ஆரம்பிக்கிறாள். அவர்கள் பாலம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மறுபடி கண்ணில் படும்வரை நாங்கள் இந்தப் பக்கமே நிற்கிறோம்.