சுக்கானை மேடையிலிருந்து இறக்கிய கதை

கேஸ் அடுப்பு ரிப்பேர்காரனிடம் எந்த வீடும் ரகசியம் காக்க முடியாது. பர்னரைக் கழற்றித் தட்டினால் போதும், அந்த வீட்டில் பால் பொங்குகிறதா, சண்டை பொங்குகிறதா, பூனை ஏறிப் படுக்கிறதா என்பதெல்லாம் கீழே கொட்டிவிடும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் கழற்றாத அடுப்பு கிடையாது. இதுவரை பர்னர்களிலிருந்து எடுத்த பூனைமுடியைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மெத்தையும் ரெண்டு தலையணையும் தைத்திருக்கலாம். பொய் என்று நினைப்பவர்கள் பூனை வளர்க்காதவர்கள். அவர்களுக்காக நான் எழுதவில்லை. காலையில் எழுந்து காபி போடப் போய், பால் சட்டிக்குப் பக்கத்தில் நாலு காலடித் தடத்தைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறீர்களே, என் சக பாவிகளே, இது உங்களுக்கு.

மஞ்சள் நெருப்பு

காசிமேட்டில் பிலோமினா என்று ஒரு மீன்காரம்மா. ஏலத்தில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் விற்று முடித்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புகிற ஆள். அந்தக் குரலுக்குக் கடலே ஒரு அடி பின்வாங்கும். ஒரு நாள் போன் செய்து, "நைனா, நெருப்பு மஞ்சளா எரியுது, பாத்திரமெல்லாம் கரி. கேஸ்ல தண்ணி கலந்துட்டானுங்க" என்றாள். போய்ப் பர்னரைக் கழற்றித் தட்டினேன். தண்ணீர் வரவில்லை, முடி வந்தது. செம்பட்டை முடி. முடிக்குச் சொந்தக்காரர் கடப்பாக்கல் மேடையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னை மேஸ்திரி மாதிரி மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சுக்கான். படகைத் திருப்புகிற சுக்கான்தான். வாலை எந்தப் பக்கம் வைக்கிறானோ அந்தப் பக்கம்தான் உடம்பு திரும்பும் என்று பிலோமினாவின் மகன் அந்தோணி வைத்த பெயர். அந்தோணி லாஞ்ச்சில் கடலுக்குப் போகிறவன். அன்றைக்கும் கடலில்தான் இருந்தான்.

அவன் மனைவி ஷீலா, மாத்தூர்ப் பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். "தாத்தா, அந்த வாலைப் பாருங்க" என்றாள். நுனி பொசுங்கி, தீய்ந்த ஊதுபத்தி மாதிரி இருந்தது. "நேத்து பத்திக்கிச்சு. ஈரத்துணியைப் போட்டு அமுக்கினேன். நாளைக்குக் குழந்தை வந்தா இந்த மேடையில பால் இருக்கும், சுடுதண்ணி இருக்கும். இவனும் இருப்பானா? அவர் கரைக்கு வந்ததும் மீஞ்சூர்ல அவர் சிநேகிதர் மீன் கடையில விட்டுட்டு வரச் சொல்லிட்டேன்." பிலோமினா பூனையின் முதுகைத் தடவினாள். துறைமுகத்தில் வலைக்கு அடியில் கண் திறக்காமல் கிடந்ததை முந்தானையில் சுருட்டி எடுத்து வந்து வளர்த்தவள் அவள். பிள்ளைத்தாச்சிப் பெண் பேச்சை மீறவும் முடியாது, பூனையை விடவும் முடியாது. அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "லாஞ்ச்சு கரைக்கு வர்றதுக்குள்ள இவனை மேடையை விட்டு இறக்கிக் காட்டுறேன், பார்" என்றேன். பிலோமினா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுப்பப் பாக்கத்தானே வந்தே நைனா, பூனையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

விசில் எண்ணிய பூனை

அப்படிக் கேட்டால் விடுவேனா? தண்டையார்பேட்டையில் பூட்டுக்கடை வைத்திருந்த ஒரு பாய் வீட்டுக் கதையை எடுத்துவிட்டேன். அந்த வீட்டுப் பூனை குக்கர் விசிலை எண்ணும். மூணு விசில் வந்ததும் மேடையில் ஏறி நாப்பைத் திருகி அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விடும். அதை நம்பி அந்த வீட்டம்மா அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு மாடியில் துணி காயப்போடப் போவாள். சந்தேகம் இருந்தால் நேரில் போய்ப் பார்க்கலாம். ஆனால் பாய் வீடு மாறிவிட்டார், பூனையும் மௌத்தாகிவிட்டது. ஷீலா சிரிக்காமல் கேட்டாள்: "பருப்புக்கு நாலு விசில் ஆச்சே தாத்தா, அதுக்கு அது என்ன செய்யும்?" இந்தப் பெண்ணிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

கதையில் பாதி நிஜம். பாய் வீட்டு நாப்பு தேய்ந்து லொடலொட என்று ஆடும். பூனை உரசிக்கொண்டு போனதில் அது தானாகத் திரும்பி, நெருப்பில்லாமல் கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. வாடை வந்ததும் பாய் ஒரு சுவிட்சையும் தொடாமல் ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்து, வீட்டாரை வெளியே நிறுத்திவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். நான் புது நாப்பு இறுக்கமாகப் போட்டுவிட்டு, சமையல் முடிந்ததும் சிலிண்டரிலேயே ரெகுலேட்டரை மூடச் சொன்னேன். இவ்வளவையும் சொல்லிக்கொண்டே பிலோமினா வீட்டு அடுப்புக்கும் இறுக்கமான நாப்பு மாட்டினேன். அன்றைக்குப் பாய் சொன்னதையும் சொன்னேன்.

"பூனைக்கு நாப்பு திருகத் தெரிஞ்சிபோச்சு, நமக்கு ரெகுலேட்டர் மூடத் தெரியல. ரெண்டுல யாரு புத்திசாலி, நீயே சொல்லு மாமு."

ஒட்டு டேப்பும் ஜரிகை மெத்தையும்

பூனைக்குக் காலில் பிசுக்கு ஒட்டினால் பிடிக்காது என்பது நான் கேள்விப்பட்ட சாஸ்திரம். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை வாங்கி மேடை ஓரம் முழுக்க ஒட்டினேன். சுக்கான் வந்தான், முகர்ந்தான், ஒரு அடி பின்னால் போய் டேப்பைத் தாண்டி நட்ட நடுவில் குதித்தான். அவன் காலில் ஒட்டவில்லை. ஆனால் மேடையில் சாய்ந்து நின்ற பிலோமினாவின் சேலை ஒட்டிக்கொண்டது. அவள் விறுக்கென்று திரும்ப, சேலையோடு டேப்பு, டேப்போடு அஞ்சறைப்பெட்டி மூடி, மூடியோடு கடுகு என்று ஊர்வலமே கிளம்பிவிட்டது.

விடவில்லை. மறுநாள் அலுமினியத் தாளைக் கொண்டுவந்து மேடை முழுக்க விரித்தேன். சலசல சத்தத்துக்குப் பூனை மிரளுமாம். மிரளுகிற பூனை வேறு எங்கோ இருக்கிறது போலிருக்கிறது. காசிமேட்டுப் பூனை லாஞ்ச் எஞ்சின் சத்தத்தில் பிறந்தது. அவன் அந்தத் தாளில் புரண்டான், முகத்தைத் தேய்த்தான், கடைசியில் அதிலேயே சுருண்டு தூங்கிவிட்டான். மிளகாய்ப்பொடி தூவலாமே என்று பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக யோசனை சொன்னாள். அந்தக் காலை நக்கித்தானே பூனை முகம் கழுவும், கண்ணெல்லாம் என்ன ஆவது என்று ஷீலாவே அவளை விரட்டிவிட்டாள். பூனையை மீஞ்சூருக்கு அனுப்பத் துடிக்கிறவள் அப்படிப் பேசியது எனக்கு ஆச்சரியம். பிலோமினாவோ, பளபளக்கிற தாளில் மல்லாந்து தூங்குகிறவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"மாப்ளைக்கு ஜரிகை மெத்த போட்டுக் குடுத்துட்டே நைனா, இனிமே அவன் எங்க எறங்குவான்?"

நெத்திலி பொரித்த அன்று

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தாளை எல்லாம் சுருட்டி எடுக்கப் போயிருந்தேன். பிலோமினா டீ கொடுத்தாள், ஹாலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தேன். ஷீலா உள்ளே நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் மசாலா தடவிய நெத்திலித் தட்டு. சுக்கான் தட்டுக்குக் குறிவைத்துத் தாவினான். முன்னங்கால் தட்டில், பின்னங்கால் அடுப்புக் கம்பியில். சூடு பட்டதும் அவன் எகிற, சட்டி ஆட, ஷீலா யோசிக்கவில்லை. பூனையை ஒரு கையால் வாரி மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே பின்னால் விலகிவிட்டாள். சட்டி சுவர்ப் பக்கம் சாய்ந்து எண்ணெய் பூராவும் அடுப்பின் மேலேயே கொட்டியது. தீ குப்பென்று எழுந்தது. பிலோமினா ஓடிவந்து சிலிண்டரை மூட, நான் பெரிய தவலை மூடியைத் தூக்கி நெருப்பின்மேல் கவிழ்த்தேன். அடங்கியது. எண்ணெய் நெருப்பில் யாரும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், இதை மட்டும் கதை என்று நினைக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது ஷீலா குழாயடியில் இருந்தாள். சுக்கானின் சுட்ட காலைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவள் கையெல்லாம் கீறியிருந்தான். அவள் விடவில்லை. அவள் கண்ணிலும் தண்ணீர். "சரிம்மா, கோவப்படாதே, அவனுக்கும் வலிக்குது" என்று நான் ஏதோ உளறினேன். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் என் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

"கோவத்துல அனுப்பலை தாத்தா, பயத்துல அனுப்புறேன். இங்கேயே இருந்தா ஒரு நாள் என் கண்ணு முன்னாடியே வெந்து போயிடுவான்."

லாஞ்ச் கரைக்கு வந்தது

கால்நடை ஆஸ்பத்திரியில் காலுக்கு மருந்து போட்டுவிட்டார்கள். சின்னக் காயம்தான், ரெண்டொரு நாளில் பழையபடி தாவ ஆரம்பித்துவிட்டான். எண்ணெய் குடித்த அடுப்பை நான் மேடையிலேயே அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தேன். பர்னர், டியூப், கம்பி, நட்டு, போல்ட்டு என்று ஒரு சாண் இடம் காலி இல்லை. சுக்கான் என் நட்டு ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்தோணி வந்து சேர்ந்தான். ஒரு கையில் லாஞ்ச்சில் தன் பங்குக்குக் கிடைத்த சங்கரா மீன், இன்னொரு கையில் பூனையைக் கொண்டுபோக ஒரு கோணிப்பை. பையைப் பார்த்ததும் பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல வவுத்துக்கு எதுனா துன்னுட்டுப் போடா. அதுவும் துன்னட்டும்" என்றாள். மீன் அரிய மேடையில் இடமில்லை. அந்தோணி பரணிலிருந்து பழைய அரிவாள்மனையை இறக்கி, தண்ணீர் தெளித்துக் கழுவி, குழாயடி ஓரம் தரையில் குந்தினான்.

செதில் சரக் சரக்கென்று உதிர்ந்த சத்தம் கேட்டதுதான் தாமதம். சுக்கான் காதைத் திருப்பினான். நட்டை விட்டான். மேடையிலிருந்து இறங்கி நேராகப் போய் அரிவாள்மனைக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி, வாலைக் காலைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஏதோ ரிசர்வ் பண்ணின சீட்டு மாதிரி. பிலோமினா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐய, இதான் இவன் எடம்! சின்னதுலேர்ந்து இங்கதான் குந்துவான்! முட்டி நோவுதுன்னு கத்தியும் பலகையும் வாங்கி நான் மேல நின்னுகினேன். மீனு மேல போச்சு, இவனும் மேல போயிட்டான். இத்தினி நாளா இவன அடிச்சிகினு கெடந்தேனே!" ஷீலா மாமியாரைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். "நான் இந்த வீட்டுக்கு வந்ததாலதான் இவன் மேல ஏறினான்னு நினைச்சேன், இல்லையா?" என்றாள் மெதுவாக. "ஒன்னால இல்லம்மா, எம் முட்டியால" என்றாள் பிலோமினா. நான் சும்மா இருப்பேனா? இதற்காகத்தான் மேடையில் இடமில்லாமல் அடுப்பைப் பிரித்துப் போட்டேன் என்றேன். அந்தோணி தலையைத் தூக்கவே இல்லை. "தோடா! எண்ணெ கொட்டுனதும் உன் திட்டம்தானா நைனா?"

ஷீலா அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. லாஞ்ச் மறுபடி கடலுக்குக் கிளம்பும் வரை பார்ப்போம், மேடை ஏறினால் மீஞ்சூர்தான் என்றாள். இனி மீன் தரையில்தான். ஷீலாவால் குனிய முடியாது, பிலோமினாவால் குந்த முடியாது. ரெண்டு பேரும் அந்தோணியைப் பார்த்தார்கள். அவன் கடலில் இருக்கும் நாளில் துறைமுகத்திலேயே அரிந்து வாங்கி வந்துவிடுவது என்று முடிவாயிற்று. அடுப்பு பற்றவைக்கும் முன்பே சுக்கானுக்கு மீன் தலையும் குடலும் தரையில். ஷீலா தன் பங்குக்கு ஒன்று செய்தாள்: சமைத்து முடித்ததும் சூடு ஆறாத பர்னர் மேல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைக்கச் சொன்னாள், குளிர் காய இடமில்லாமல். மேலேயிருந்து வேடிக்கை பார்க்காமல் இவனுக்குச் சோறு இறங்காது என்று ஜன்னலோரம் ஒரு ஸ்டூலையும் போட்டாள். ஒரே ஒரு தரம் அவன் முன்னங்காலை மேடையில் வைத்தான். பிலோமினா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஷீலா கரண்டியால் கல்லில் ஒரு தட்டு தட்டினாள். காலை எடுத்துக்கொண்டான். குடம் தூக்குவது, செதில் எடுப்பது, தலை போடுவது எல்லாம் தன் தலையில் விழுந்ததை அந்தோணி அப்போதுதான் கணக்குப் பார்த்தான்.

"லாஞ்ச்சுலயும் மீனு, வூட்லயும் மீனா? நான் எப்பத்தான் மனுசனா இருக்கறது?"

மாத்தூர் கிளம்பிய நாள்

லாஞ்ச் கிளம்பிய அன்று அந்தோணி கோணிப்பையைத் தேடியிருக்கிறான். அது மடித்து ஸ்டூலின் மேல் போடப்பட்டிருந்தது, அதன் மேல் சுக்கான் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பையில்லாமலே லாஞ்ச்சுக்குப் போய்விட்டான். அப்புறம் வளைகாப்பு வந்தது. அடுப்பு நல்லாத்தான் எரிந்தது. இருந்தாலும் பார்த்துவிட்டு வரலாம் என்று சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போனேன். கை நிறைய வளையலோடு ஷீலா தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள் இறங்கி, மறுபடி உள்ளே போய் ஸ்டூலைப் பார்த்துவிட்டு வந்து, மாமியாரிடம் விரலை நீட்டிச் சொன்னாள்.

"நான் புள்ளையோட வர்றப்போ இவன் இந்த வீட்ல இருக்கணும். வால் முழுசா இருக்கணும். ஒரு பொசுங்கல் பார்த்தேன், உங்களைத்தான் மீஞ்சூருக்கு அனுப்புவேன்."

பூனையை மேடையிலிருந்து இறக்க வேண்டுமானால் முதலில் வீட்டு ஆம்பளையைத் தரையில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான், என் சக பாவிகளே, இத்தனை அடுப்பைக் கழற்றி நான் கண்ட ஒரே நிஜம். மீதியில் எவ்வளவு நான் விட்ட கதை என்று என்னைக் கேட்காதீர்கள்.