என் பெயருக்குக் கீழே ஒரு பெயர்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அம்பத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில், ரேடியோ சிப்பை லினக்ஸ் இயங்குதளத்தோடு இணைத்து இயக்கும் டிரைவர் நிரல் எழுதுகிறேன்.

என் முதல் டிரைவரை லினக்ஸில் சேர்க்கக் கேட்டு, அதைப் பராமரிப்பவர்களின் பொதுக் குழுவுக்கு மெயில் அனுப்பினேன். "ஊரே பாக்கத் திட்டுவாங்கடி, ரெடியா இரு" என்றாள் பக்கத்து சீட் தோழி.

முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். அதே சிப்பில் ஓட்டிப் பார்த்திருந்தார். "செய்தி முழுதாகப் போகும் முன்பே சிப்பைச் செய்தி வாங்கும் நிலைக்கு மாற்றுகிறீர்கள். அதனால் கடைசிப் பகுதி அறுந்துபோகிறது. நீங்களே திருத்துங்கள், உங்கள் பெயரிலேயே வரட்டும்."

திருத்தினேன், சேர்த்துக்கொண்டார்கள். எழுதியவர் பெயருக்குக் கீழே சோதித்தவர் பெயரையும் போடுவது அங்கே வழக்கம்.

நெமிலிச்சேரி வீட்டில் அம்மாவிடம் அந்தப் பக்கத்தைப் போனில் காட்டினேன்.

"கீழ கீறது யாரு பேரு?"

"நான் எழுதினது நல்லா ஓடுதுன்னு சாட்சி சொன்னவரும்மா. யாருன்னே தெரியாது."

அம்மா அந்தப் பெயரையே பார்த்தாள். "உன் ஸ்காலர்ஷிப்புக்கு பேங்க்ல கணக்கு தொறக்க, எங்கள தெரியும்னு ஒரு கையெழுத்து கேட்டு தெரு முச்சூடும் அலைஞ்சேன். தெரிஞ்சவங்களே போடல."

இப்போதெல்லாம் யாராவது புதிதாக டிரைவர் அனுப்பினால், அந்தச் சிப் எங்களிடம் இருந்தால், ஓட்டிப் பார்த்துவிட்டுக் கீழே என் பெயரைப் போடுகிறேன்.