பிரிண்டர் மேல் போட்ட பழி

தம்பி குடும்பம் மஸ்கட்டுக்குக் கிளம்பிய காலையில், எங்கள் ராயபுரம் வீட்டு வாசலில் நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. தம்பி, தம்பி மனைவி, நடுவில் அவர்கள் மகள். நான் அதில் இல்லை. எடுத்தவளை யார் எடுப்பது? அந்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் இருப்பது போலவே காகிதத்தில் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் பென் டிரைவில் போட்டு ஸ்டூடியோவில்தான் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பெண் நல்ல கறுப்பு, என்னைப் போலவே. ஸ்டூடியோக்காரர் கொடுத்த படத்தில் யார் வீட்டுப் பெண்ணோ ரோஸ் நிறத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா சார், புள்ள மூஞ்சில மாவு பூசி வச்சிக் கீறீங்க?"

"எல்லாரும் இப்டித்தான்கா கேக்கறாங்கோ. கொஞ்சம் வெளுப்பா வந்தா வூட்ல சந்தோசப்படுவாங்கோ."

"எங்க வூட்ல நான் ஒருத்திதான் கீறேன். எனக்கு சந்தோசமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதமே ஒரு கலர் பிரிண்டர் வாங்கி மேஜை மேல் வைத்தேன். கோபத்தில் வாங்கிய பொருள்கள் என் வீட்டில் நிறைய உண்டு.

தம்பி மகளை நான்தான் வளர்த்தேன் என்று சொன்னால் தம்பி மனைவி வருத்தப்படலாம். ஆனால் அது உண்மை. தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி நாட்களில் பிள்ளை கீழ்வீட்டிலிருந்து என் மாடிக்கு ஏறி வந்து என் பாயில் படுத்துக்கொள்வாள். நாளடைவில் டியூட்டி இல்லாத நாட்களிலும் வந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காகப் பெரிதாக வருந்தியதும் இல்லை. காரணம் அவள்தான். ஒன்பதாம் வகுப்பு வரை அவளுக்குத் தலை பின்னிவிட்டது இந்தக் கைதான்.

அப்படிப்பட்டவள், கிளம்பிய அன்று காரில் ஏறினாள், காதில் எதையோ மாட்டினாள், போனைப் பார்த்தாள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதால் கார் தெருமுனையில் வெகுநேரம் நின்றது. நானும் நின்றேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. என்னை விட்டுப் போவது அவளுக்கு ஒன்றுமே இல்லையா என்ற கேள்வி, அதற்குப் பிறகு சோற்றில் அகப்பட்ட கல் மாதிரி தினமும் பல்லில் இடறியது.

கீழ்வீடு பூட்டியே கிடந்தது. வாடகைக்கு விடச் சொன்னார்கள், மனசு வரவில்லை. மாலை வேலை முடிந்து வந்தால் படி ஏறும் சத்தம் என்னுடையது மட்டும்தான். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு, அன்று வீடியோவில் கூப்பிடுவார்கள். தம்பி பேசுவான். அவள் முகம் ஓரமாக வரும். "இன்னா அத்த, சாப்டியா?" என்பாள். "ம்" என்பேன். "ம்" என்பாள். பிறகு படிப்பு இருக்கிறது என்று எழுந்துவிடுவாள்.

தம்பி எனக்கு விட்டுப்போனது ஒரு பழைய கேமராவும் இந்தக் கம்ப்யூட்டரும். படத்தை நான் பார்ப்பது இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். திரையில் அதைத் திறந்தால் அப்படியொரு அழகு. இளவெயில் பட்ட மாதிரி மூன்று முகங்களும் பொன்னிறமாக இருக்கும். பின்னால் வீட்டுச் சுவர் சந்தன நிறத்தில் இருக்கும். பிள்ளை முகத்தில் துளி வாட்டம் இருக்காது. சரி, சந்தோஷமாகத்தான் போயிருக்கிறாள், அதையாவது பெரிதாகப் போட்டு மாட்டி வைப்போம் என்று ஒரு வீம்பு எனக்கு.

பிரிண்டரோ என் பேச்சைக் கேட்பதாக இல்லை. அச்சில் சுவர் சாம்பல் நிறமாக வந்தது. வெயில் காணாமல் போனது. எல்லாவற்றையும்விட எரிச்சல், பிள்ளையின் கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு. இமையெல்லாம் தடித்த மாதிரி. மற்ற இரண்டு முகங்களிலும் அது இல்லை. சிவப்பு மைதான் எங்கோ கசிகிறது என்று முடிவுகட்டினேன். மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்தேன். மையை மாற்றினேன். பளபளப்பான பேப்பர் வேண்டாம் என்று மங்கலான பேப்பர் வாங்கினேன். கம்ப்யூட்டரில் சிவப்பைக் குறைத்துக் குறைத்து அடித்தேன். கண் சரியானது, உதடு வெளிறிப் பிணம் மாதிரி ஆனது. அதைக் கிழித்துப்போட்டுவிட்டு, "கலீஜு மெஷினு" என்று அதன் மண்டையில் ஒரு அடி வைத்தேன். வீட்டில் திட்டுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

பீச் ஸ்டேஷன் பக்கம், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்குக் கணக்கு வேலை. ஆத்திரம் தாங்காமல் ஒருநாள் பென் டிரைவில் படத்தைப் போட்டு, முதன்முதலில் அடித்த பிரிண்டையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பக்கத்து மேஜையில் இருப்பவர் வண்ணாரப்பேட்டைக்காரர், தம்பி வயசு, என்னோடு சரிக்குச் சரி வாயாடுபவர். அவருடைய கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, பிரிண்டைத் திரை பக்கத்தில் வைத்தார்.

"அக்கா, இன்னா பேஜாரு இது? ரெண்டும் ஒண்ணாத்தான கீது."

ஒன்றாகத்தான் இருந்தது. அதே சாம்பல் சுவர். உங்கள் கம்ப்யூட்டரும் கெட்டுப்போச்சு என்றேன்.

"அத வுடுக்கா. உங்க வூட்டு செவுரு நெசத்துல இன்னா கலரு?"

பிறந்ததிலிருந்து இருக்கிற வீடு. வெள்ளை அடித்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது என்ன நிறம் என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று ஸ்டேஷனிலிருந்து வந்ததும் மாடி ஏறாமல் வாசலில் நின்று சுவரைப் பார்த்தேன். லாரிப் புகையும் தூசியும் படிந்து படிந்து, பிரிண்டில் இருந்த அதே சாம்பல். சந்தனமும் இல்லை, வெயிலும் இல்லை. இந்தச் சுவரைத் தினம் இரண்டு வேளை கடந்து போகிறவள், திரை சொன்னதை நம்பி மெஷினை அடித்திருக்கிறேன்.

மேலே போய்க் கம்ப்யூட்டரின் டிஸ்பிளே செட்டிங்கை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ராத்திரியில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி ஒன்று அதில் இருக்கிறது. அது பகலிலும் ராத்திரியிலும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்டதில்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அணைத்தேன். திரை முழுக்க ஒரு கணத்தில் நீலம் பாய்ந்து வெளுத்தது. படத்தைத் திறந்தேன்.

வெயிலெல்லாம் போய்விட்டது. மேகம் மூடிய சாதாரணக் காலை. சாம்பல் சுவருக்கு முன்னால் என் பிள்ளை, இமை வீங்கி, கண் சிவந்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாள். சிவப்பைக் குறை, குறை என்று நான் அழித்துக்கொண்டிருந்தது இதைத்தான். பிரிண்டர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மறைப்பதற்கு யாரும் இல்லை, அது ஒரு வசதி.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. உடனே கூப்பிட்டேன். அவளே எடுத்தாள்.

"இன்னா அத்த, இன்னிக்கு போய் போன் பண்ற? ஒடம்பு நல்லாத்தான கீது?"

"கம்ப்யூட்டர்ல மஞ்சக் கலரு போட்டது நீயாடி?"

"ஆமா. ஆபீசு கம்ப்யூட்டரு பாத்து கண்ணு எரியுது, எரியுதுன்னு சொல்லிகினு இருந்தியே. அதான் போறதுக்கு முன்னாடி போட்டு வச்சேன். ஏன், இன்னா ஆச்சு?"

"கெளம்புன அன்னிக்கு நீ அழுதியா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"மொட்டமாடில," என்றாள். "தண்ணி டேங்க் பின்னாடி ஒக்காந்து அழுதுட்டு, மூஞ்சி கழுவிகினு வந்தேன்."

"என்கிட்ட வந்து அழுதா இன்னாடி?"

"நல்லா கேக்கற. நீதான சொன்ன, பயணம் கெளம்பும்போது யாரும் கண்ணு கலங்கக் கூடாது, போற எடம் வெளங்காதுன்னு. அம்மாவக் கூட அதட்டுன. உன்ன ஒரு வாட்டி திரும்பிப் பாத்தாலும் அழுதுருவேன் அத்த. அதான் போனையே பாத்துகினு இருந்தேன். போன்ல ஒண்ணுமே இல்ல."

சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் யார் கிளம்பினாலும் சொல்கிற சொல் அது. அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அதட்டினேன், ஏனென்றால் யாராவது ஒருவர் ஆரம்பித்தால் முதலில் உடைந்துபோகிறவள் நானாகத்தான் இருந்திருப்பேன். பிள்ளை என் சொல்லைக் காப்பாற்றினாள். அதையே குற்றமாக நான் இத்தனை மாதம் மனசுக்குள் வைத்து அரைத்திருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. திரையில் இருந்த அந்தச் சிவந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்த? லைன்ல கீறியா? அத்த?"

"கீறேன்டி," என்றேன். "இங்கதான் கீறேன்."