வஞ்சிக்கு இடம் கொடுத்த எல்லம்மாள்

எல்லம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வேங்கிக்காலில் அரசு ஆபீஸ்கள் இருக்கும் சாலையோரம் தள்ளுவண்டியில் மதியச் சாப்பாடு விற்கிறாள். ஞானஸ்நானத்தில் வைத்த எலிசபெத் என்ற பெயர் சர்ச் பதிவேட்டோடு சரி. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டு, காலனியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். குழம்பில் உப்புக் கம்மி என்று எவ்வளவு பெரிய ஆபீசர் சொன்னாலும், "வாயில வச்சுட்டுச் சொல்லுங்க சார்" என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு ஒரு கறுப்பினப் பெண் வந்தாள். வேர்க்கடலைப் பயிரில் ஆராய்ச்சி செய்யக் கென்யாவிலிருந்து வந்தவள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் உட்கார்ந்ததும் அந்த பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் மெல்ல எழுந்து முன்னால் போனார்கள். கடைசி வரிசையில் இருந்த எல்லம்மாளுக்கு அது புதிதல்ல. பத்தொன்பது வயதில் காலனியிலிருந்து முதன்முதலாக இதே சர்ச்சுக்கு வந்தபோது அவள் பக்கத்திலிருந்தும் இப்படித்தான் எழுந்து போனார்கள். அவள் நேரே போய் அந்தப் பெண்ணை ஒட்டி உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வரிகளின் மேல் விரலை நகர்த்திக் காட்டினாள். தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு மெட்டுத் தெரிந்திருந்தது. தன் பாஷையில் கூடவே பாடினாள்.

வஞ்சிரு என்று பெயர் சொன்னாள். எல்லம்மாள் வாயில் அது அன்றைக்கே வஞ்சி ஆகிவிட்டது.

வஞ்சி லாட்ஜில் தங்கி வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தாள். எல்லம்மாள் ஒரு நாள் கடையைப் போடாமல் அவளோடு போனாள். மூன்று வீட்டில், முகத்தைப் பார்த்ததும் ஆள் வந்தாச்சு என்றார்கள். நாலாவது, அதே சர்ச்சைச் சேர்ந்த அருணாதேவி டீச்சரின் மாடி. டீச்சர் முடியாது என்று சொல்லவில்லை; மகனைக் கேட்கணும் என்றார். அந்த மாடி அதன் பிறகும் பல மாதம் காலியாகவே கிடந்தது.

கேட்டைத் தாண்டியதும் எல்லம்மாள், "பொட்டிய எடுத்துக்கினு நம்ம வீட்டுக்கு வா" என்றாள்.

பதினோரு மாதம் அங்கேதான் இருந்தாள் வஞ்சி. களியைப் பார்த்ததும் எங்கள் ஊர்ச் சாப்பாடு மாதிரி என்று சிரித்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் தமிழ் பொறுக்கினாள். காலையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் இரண்டு பேரும் பாடிக்கொண்டே உரிப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை வஞ்சியின் பேராசிரியர் பார்க்க வந்தார். காப்பி கொண்டு வந்த எல்லம்மாளைக் காட்டி வஞ்சி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அதில் 'குக்' என்ற ஒரு வார்த்தை எல்லம்மாளுக்குப் புரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்புறம் மூன்று நாள் சோறு போட்டாள், பேசவில்லை.

ஞாயிறன்று சர்ச்சில், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தபோது அவள் எழவில்லை. வஞ்சி ஏன் என்று கேட்டாள்.

"மனசுல கோவத்த வச்சிக்கினு நான் அங்க முட்டி போட மாட்டேன்" என்றாள் எல்லம்மாள். "சமையக்காரின்னு சொன்னியே. சமைக்கிறது எனக்கு ஒண்ணும் கேவலமில்ல. ஆனா உனக்கு நான் அதுதானா?"

 வஞ்சி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "அக்கா, அன்னைக்கு எனக்கு வெக்கம். இந்தக் காலனியில உங்க வீட்டுல, உங்ககூட இருக்கேன்னு சொல்ல வெக்கம். தப்பு."

மழுப்பாமல் அவள் அதைச் சொன்னது எல்லம்மாளுக்குப் பிடித்திருந்தது. வலி முழுதும் போகவில்லை என்றாலும் கோபம் இறங்கிவிட்டது. வஞ்சியின் கையைப் பிடித்து எழுப்பினாள். கடைசி ஆட்களாகப் போய் இருவரும் பீடத்தின் முன் முழங்காலிட்டார்கள். அருணாதேவி டீச்சர் பக்கத்தில் ஏற்கெனவே முழங்காலிட்டிருந்தார். அவர் நகர்ந்து இடம் விட்டாரா, விலகினாரா என்று எல்லம்மாள் பார்க்கவில்லை.

வஞ்சி ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. வரும் டிசம்பரில் அவளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் பக்கத்தில் நிற்க எல்லம்மாள் வர வேண்டுமாம். சென்னையைத் தாண்டிப் போகாத எல்லம்மாள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். அவ்வளவு தூரம் தனியாகவா, பாஷை தெரியாதே என்று மகள் பயப்படுகிறாள். எல்லம்மாளோ, டிசம்பரில் இருபது நாள் கடை கிடையாது என்று வாடிக்கைக்காரர்களிடம் இப்போதே சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறாள்.