பெரிய பல்சக்கரமும் பழைய செயினும்

கூடாரமும் பைகளும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குச் சைக்கிளில் போக ஆசைப்பட்டேன். ஏற்றம் சுலபமாகட்டும் என்று பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்தை நானே மாட்டினேன். செயினை மட்டும் மாற்றவில்லை.

மதுரை கோச்சடையிலிருந்து வத்தலக்குண்டுவரை சமவெளியில் ஒன்றும் தெரியவில்லை. மலைப்பாதை தொடங்கியதும் பின்னால் ஏதோ நெரிபடும் சத்தம் கேட்டது.

கூட வந்த நண்பன் முருகன், "மாப்ள, அந்தச் சத்தம் நல்லால்ல. நில்லுடா" என்றான்.

"இம்புட்டு தூரம் வந்தாச்சு, ஏறிருவோம்" என்று சொல்லிப் பெரிய பல்சக்கரத்துக்கு கியரை மாற்றினேன். நீளம் போதாத செயின் விறைத்து, கியர் மாற்றும் கருவியைப் பிய்த்து ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் இழுத்தது. சக்கரம் பூட்டிக்கொண்டது. சுமையோடு நடுச்சாலையில் சாய்ந்தேன். வளைவிலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. முருகன் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். பஸ் என் பையை நசுக்கிக்கொண்டு நின்றது.

இப்போதெல்லாம் ஒரு பாகத்தை மாற்றினாலும், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, எல்லா கியரையும் கையால் சுற்றிப் பார்த்த பிறகே சுமை ஏற்றுகிறேன். செயின் சற்று விறைத்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடுகிறேன்.