அத்தை தாண்டிப் போன முற்றம்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் திருவனந்தபுரத்தில் இரண்டு தோட்டங்களைப் பார்த்தோம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பாளையங்கோட்டைக்காரர். மூன்று மாதத்துக்கு முன் நகரத்தின் ஓரத்திலிருக்கும் கழக்கூட்டத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார். வேலையில் குறை இல்லை. "ஏட்டி, உங்க வீட்ட விட்டா இந்த ஊர்ல ஒருத்தர் வீட்டுக்குள்ள போயி உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சிருக்கேனா?" என்பதுதான் அவர் குறை. திங்கட்கிழமையே வேலையை விடுவதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பப் போவதாக இருந்தார். நான் படிக்கும் புத்தகங்களைப் பற்றிப் பேச அத்தையை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. அவருக்குச் செடிகள் என்றால் உயிர். நல்ல தோட்டங்களைக் காட்டினால் மனம் மாறும் என்று நம்பித்தான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன்.

சாலை பஜாரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மியூசியம் வளாகம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த அத்தையோடு காலை எட்டரைக்குக் கிளம்பினேன். தோட்டத்தில் நடக்கக் கட்டணம் இல்லை. அங்கிருக்கும் மரங்களின் உச்சியைப் பார்க்கத் தலையை எவ்வளவு பின்னால் சாய்க்க வேண்டும் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். எத்தனையோ முறை போயிருக்கிறேன், இன்னும் வாய் பிளந்துதான் நிற்கிறேன். அத்தையோ கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர் போல பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ பெரிய மனுஷங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

இரண்டாவது தோட்டம் அத்தையோடு வேலை செய்யும் பிந்து ஆன்டியின் வீட்டில். அவர் பலமுறை கூப்பிட்டும், அதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது என்று அத்தை போனதே இல்லை. நான் கெஞ்சியதால் வந்தார். மியூசியத்துக்குப் பக்கத்திலிருக்கும் பாளையத்திலிருந்து கழக்கூட்டத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆனது. ஜங்ஷனிலிருந்து ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். ஆட்டோவில் இருக்கும்போதே பிந்து ஆன்டி அத்தைக்குப் போன் செய்தார். பால் வாங்கப் போயிருக்கிறாராம். "சேச்சி முற்றத்துல இருங்க, நான் இப்ப எத்தும்" என்றார். சேச்சி என்றால் அக்கா, எத்தும் என்றால் வந்துவிடுவேன்.

டிரைவரிடம் சில்லறை இல்லை. அவர் பெட்டிக்கடையில் மாற்றி வருவதற்குள் அத்தையைக் காணவில்லை.

தமிழில் முற்றம் என்றால் வீட்டின் நடுவே வானம் தெரியத் திறந்திருக்கும் இடம். மலையாளத்தில் அது வீட்டுக்கு முன்னால் இருக்கும் வெளி. இரண்டையும் கேட்டு வளர்ந்ததால் எனக்கு இது தோன்றவே இல்லை. அத்தை படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, திறந்திருந்த வாசல் வழியாக முற்றத்தைத் தேடி நேரே உள்ளே போய்விட்டார். முன்னறையில் இல்லை. அடுத்த அறையில் பிந்து ஆன்டியின் கணவர் சஜி அங்கிள் கைலியும் பனியனுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கவனிக்காமலே அதையும் கடந்திருக்கிறார். நான் ஓடிப் போனபோது, அடுக்களையில் நின்றுகொண்டு "முற்றம் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சஜி அங்கிள் சோற்றுக் கையோடு எழுந்து வந்து வாசல் பக்கம் காட்டினார். "முற்றம் அவிடெ. சேச்சி முற்றம் கழிஞ்ஞு அடுக்களை வரெ எத்தியல்லோ."

முற்றத்தைத் தாண்டி அடுக்களை வரை வந்துவிட்டீர்களே என்று அவர் சிரிக்காமல்தான் சொன்னார். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "வா, போவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். இப்போது போனால் நாளைக்கு வேலையும் போகும், அத்தையும் போவார் என்று எனக்குத் தெரியும்.

அப்போது பின்னாலிருந்து சஜி அங்கிள் தணிந்த குரலில், "பதுக்கெ, பதுக்கெ" என்றார், மெல்லப் போகச் சொல்லி.

நடைபாதைக்கு மேல் வளைந்திருந்த செம்பருத்திக் கிளையில், அத்தையின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், நாரால் பின்னிய சின்னச் சுருக்குப்பை போல ஒரு கூடு தொங்கியது. தேன்சிட்டுக் கூடு. அதன் வாய் வீட்டைப் பார்த்து இருந்தது; வரும்போது கிளைக்குக் குனிந்து நுழைந்ததால் இலைமறைவில் எங்கள் கண்ணில் படவில்லை. அத்தை அப்படியே நின்றார். தாய்ப்பறவை வந்தது. என் பெருவிரல் அளவுதான் இருக்கும், வயிறு மஞ்சள். அத்தையை ஒரு பொருட்டாகவே அது எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டின் வாயில் தொற்றிக்கொண்டு, உள்ளிருந்து நீண்ட இரண்டு அலகுகளுக்கும் ஊட்டியது. அத்தை மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

கேட் பக்கம் பால் பாக்கெட்டோடு வந்த பிந்து ஆன்டியும் மறுபுறம் அசையாமல் நின்றார். நடுவில் பறவை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், சத்தமில்லாமல். பறவை பறந்ததும்தான் சஜி அங்கிள் அடுக்களைக் கதையைச் சொன்னார். முதலில் வாய்விட்டுச் சிரித்தது அத்தைதான்.

அந்தத் தோட்டம் மொத்தமே இரண்டு சென்ட் இருக்கும். ஆனால் மியூசியத்தில் நான் தலையை நிமிர்த்தி வியந்ததைவிட இங்கே தலை குனிந்து அதிகம் வியந்தேன். பாதை குறுகல். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்கினால் துளசி உரசி உடம்பெல்லாம் மணக்கும். பெரிய தோட்டம் நம்மைப் பார்க்கச் சொல்கிறது. இது குனி, ஒதுங்கு, உட்கார் என்கிறது. நாற்காலிகள் சாலையைப் பார்த்து இல்லை, ஒன்றையொன்று பார்த்துப் போட்டிருந்தன. அந்த வீட்டில் எல்லோரும் இரண்டு வாரமாகக் குனிந்துதான் போய்வருகிறார்களாம். கிளையை வெட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பறவைக்காகக் குனிகிறவர்கள் வீட்டில், வழிதவறி அடுக்களைக்குள் வந்தவருக்கு இடம் இல்லாமல் போகுமா?

நீங்களும் இப்படித் தோட்டம் பார்க்கப் போவதாக இருந்தால், மியூசியத்துக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், பிறகு கூட்டம். கழக்கூட்டம் போக ஞாயிறுதான் நல்லது. மற்ற நாட்களில் அலுவலக நெரிசல். வீட்டுத் தோட்டம் பார்க்க டிக்கெட் கிடையாது, ஆகவே யாராவது கூப்பிட்டால் மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்காமல் போங்கள்.

நாலரைக்குக் கிளம்பினோம். "அடுத்த ஞாயிறும் வரணும் கேட்டோ" என்றார் பிந்து ஆன்டி.

"வராம்" என்றார் அத்தை.

எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டுப் பேச்சில் 'வராம' என்றால் வராமல் என்று அர்த்தம். பிந்து ஆன்டி தலையாட்டிச் சிரித்தபோதுதான் புரிந்தது, அத்தை மலையாளத்தில் பேசியிருக்கிறார். வருகிறேன் என்று.

பஸ் ஸ்டாப்பில் என்னை ஏற்றிவிடும்போது, நாளைக்கு மேனேஜரிடம் பேசப் போகிறாரா என்று கேட்டேன்.

"எப்படிப் பேச முடியும்? அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்னு அவட்ட சொல்லிட்டேன்லா" என்றார் அத்தை.